ஹாஸ்டலில் மட்டும் ஏன் 39 டாலர் கேட்கிறது?

3 பிப்ரவரி 2025, வாசகர் கேள்வி

"லைப்ரரி கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் திறக்கிற கட்டுரை, ரோட்டைத் தாண்டி ஹாஸ்டல் அறைக்கு வந்ததும் 39 டாலர் கட்டு என்கிறது. லைப்ரரியில் கொடுத்த ஐடியும் பாஸ்வேர்டும் போட்டால் உள்ளே போகிற மாதிரி போய், மறுபடி அதே லாகின் பக்கத்தில் வந்து நிற்கிறது. லைப்ரரி ஏழு மணிக்கு மூடிவிடும். நான் பகல் முழுக்க மண்புழுவோடு லேபில் இருப்பவன். காசுதான் கட்டியாகிவிட்டதாமே, பிறகு எதற்குப் பூட்டு? பூட்டியது நீங்களா, அவர்களா?" கேட்டவர் விலங்கியலில் பிஎச்டி செய்கிற ஒரு தம்பி.

3 பிப்ரவரி, இரவு

அவர்கள்தான், தம்பி. இருபத்திரண்டு வருஷமாக ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறேன். இதே கேள்வியை, இதே கோபத்தோடு, வருஷத்துக்கு இருபது பேராவது கேட்பார்கள்.

பதிப்பகத்துக்கு உங்கள் முகம் தெரியாது, பெயர் தெரியாது. எந்த ஐபி எண்ணிலிருந்து, அதாவது எந்த இணைய இணைப்பின் விலாசத்திலிருந்து, வருகிறீர்கள் என்பது மட்டும்தான் தெரியும். வளாகத்தின் எண்கள் இன்னது இன்னது என்று நாங்கள் எழுதிக் கொடுத்திருப்போம். அந்த எண்ணிலிருந்து யார் வந்தாலும், துணைவேந்தர் ஆனாலும் சரி, கேன்டீன் பையன் ஆனாலும் சரி, கதவு திறக்கும். உங்கள் ஹாஸ்டலுக்கு வார்டன் ஆபீஸ் தனியாக பிராட்பேண்ட் வாங்கிப் போட்டிருக்கிறது. கரண்ட் போய் வந்தால் அதன் எண் மாறிவிடும். மாறிக்கொண்டே இருக்கிற எண்ணை நான் யாருக்கு எழுதிக் கொடுப்பது?

காசு விஷயம். ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்துவிட்டது, அரசு நிறுவனங்களுக்கு ஆய்விதழ்ச் சந்தாவை மத்திய அரசே கட்டுகிற திட்டம். போன நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் 2027 வரை மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள், 6,300 அரசு நிறுவனங்கள். காந்திநகரில் இருக்கும் யுஜிசியின் நூலக வலையமைப்பு மையம், இன்ஃப்லிப்நெட், அதை ஒருங்கிணைக்கிறது. ஆக, பணம் டெல்லியிலேயே கட்டியாகிவிட்டது, நீங்கள் சொல்வது சரி. கட்டியவர் யார் என்று கதவுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் பிரச்சினை. ஹாஸ்டலில் அது தெரியவில்லை.

4 பிப்ரவரி

நேற்று 'வளாகத்தின் எண்கள்' என்று பெரிய ஆள் மாதிரி எழுதிவிட்டேன். தூங்கும்போது 2005 ஞாபகம் வந்தது.

யுஜிசி-இன்ஃபோநெட் என்ற பல்கலைக்கழக இணையத் திட்டம் வழியாக எங்களுக்கு முதல் தடவை இ-ஜர்னல் வந்த காலம். ஐபி விவரம் அனுப்புங்கள் என்று படிவம் வந்தது. நான் ஹாலில் இருந்த பன்னிரண்டு கம்ப்யூட்டருக்கும் ஒவ்வொன்றாகப் போய், கறுப்புத் திரையில் கட்டளை போட்டு, வந்த எண்ணைப் பேப்பரில் எழுதி, அழகாகத் தட்டச்சு செய்து அனுப்பினேன். 192.168.1.2, 192.168.1.3 என்று வரிசையாக. அடுத்த மூன்று வாரம் எதுவும் திறக்கவில்லை, நானும் தினமும் புகார் அனுப்பிக்கொண்டே இருந்தேன். கடைசியில் நெட்வொர்க் அறைப் பையன் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான், நிறுத்தவே இல்லை. 192.168 என்று தொடங்குவது உள்வீட்டு எண், உலகத்தில் எல்லாக் கட்டடத்துக்குள்ளும் அதே எண் இருக்கும். தபால்காரரிடம் 'மாடி அறை, இடது பக்கம்' என்று மட்டும் விலாசம் கொடுத்த கதை. வெளியுலகுக்குத் தெரிகிற எண் ஒன்றே ஒன்று, அது லீஸ்டு லைன்காரர் கொடுத்தது, அது ஆபீஸ் ஃபைலில் இருந்தது.

இன்றைக்கும் யாராவது சின்னக் கல்லூரி லைப்ரரியன் 'கொடுத்தோம், திறக்கவில்லை' என்றால் நான் முதலில் கேட்பது, எண் 10-இல் தொடங்குகிறதா, 192.168-இல் தொடங்குகிறதா என்றுதான்.

5 பிப்ரவரி

வெளியிலிருந்து படிக்க வழியே இல்லையா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது, இரண்டு வழி.

பழையது ப்ராக்ஸி. வீட்டிலிருந்து நீங்கள் நூலகத்தின் சர்வரில் லாகின் செய்ய வேண்டும். அந்த சர்வர் வளாக எண்ணோடு பதிப்பகத்துக்குப் போய்ப் பக்கத்தை வாங்கிவந்து உங்களிடம் கொடுக்கும். உலகம் முழுக்க நூலகங்கள் புழங்குகிற ஈஸிப்ராக்ஸி இந்த வகைதான். 1999-இல் கிறிஸ் ஜாகர் என்ற நூலகர் எழுதியது, 2008-இல் ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டுறவு அமைப்பு வாங்கிக்கொண்டது. எழுதியவர் நூலகர் என்பது அதைத் திறந்து பார்த்தாலே தெரியும். ஒரு பதிப்பகத்துக்கு ஒரு பத்தி, கேட்லாக் கார்டு மாதிரி. நாங்கள் வைத்திருந்தது இலவச மென்பொருள், அதைப் பற்றிப் பிறகு.

புதியது கூட்டமைப்பு வழி. இன்ஃப்லிப்நெட் நடத்துகிற இன்ஃபெட் அப்படித்தான் வேலை செய்கிறது. பதிப்பகப் பக்கத்தில் 'நிறுவனம் வழியாக நுழை' என்பதை அழுத்தி, பட்டியலில் நம் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தால் நம் லாகின் பக்கம் வரும். பாஸ்வேர்டு நம்மிடமே நின்றுவிடும். பதிப்பகத்துக்குப் போவது 'இவர் எங்கள் ஆள்' என்கிற ஒரு சீட்டு. பெயர்கூடப் போக வேண்டிய அவசியமில்லை. நம் ஆட்களின் லாகின் கணக்கு எல்லாம் ஒரு எக்செல் பட்டியல்தான். பெயர், பதிவெண், துறை, மின்னஞ்சல், கடைசிக் கட்டத்தில் எதுவரை செல்லும் என்று ஒரு தேதி. 1,140 பேர். அதில் ஒரே இனிஷியலில் ஒன்பது முத்துலட்சுமி. நான்தான் போட்டேன், மே மாத வெயிலில், ஏசி ரிப்பேர்.

இதன் அடியில் ஓடுகிற மென்பொருளின் பெயர் ஷிபோலெத். பைபிளில் நியாயாதிபதிகள் 12-இல் வருகிற வார்த்தை. யோர்தான் துறையில் ஆளை நிறுத்தி ஷிபோலேத் சொல்லச் சொல்வார்கள். 'ஷி' வராமல் 'சி' என்றவன் எதிரிக் கூட்டம் என்று அங்கேயே வெட்டினார்கள், நாலாயிரம் பேரை. உள்ளே விடலாமா கூடாதா என்று பார்க்கிற மென்பொருளுக்கு இந்தப் பெயரை வைத்தவன் நகைச்சுவை உணர்வுள்ளவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

6 பிப்ரவரி

நாலாயிரம் இல்லை, நாற்பத்திரண்டாயிரம். திருத்திய பாதிரியாருக்கு நன்றி.

கொழும்பிலிருந்து ஓர் அம்மா ஒரே வரி எழுதியிருக்கிறார்: "83 ஜூலையில் பஸ்ஸை நிறுத்தி எங்களை பால்திய சொல்லச் சொன்னார்கள்." சிங்களத்தில் வாளிக்கு அந்தச் சொல், முதல் எழுத்து தமிழ் நாக்கில் சறுக்கும். நகைச்சுவை உணர்வு என்று நேற்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

9 பிப்ரவரி

'தனித்தனி ஐடி எதற்கு, எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு கொடுத்தால் தீர்ந்தது' என்பவர்களுக்காக இரண்டு சம்பவம்.

2009. ஒரு பதிப்பகம் மூன்று மாத ட்ரையல் கொடுத்தது, வளாகத்துக்கே ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. துறைத் தலைவர்களுக்கு மட்டும் மூடிய உறையில் அனுப்பினேன். பத்து நாள் கழித்து மெயின் கேட் எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு ஒரு சர்க்குலர் நகலெடுக்கப் போனேன். மெஷினுக்கு மேலே, முருகன் காலண்டருக்குப் பக்கத்தில், செலோடேப் போட்டு ஒட்டியிருந்தது நம் பாஸ்வேர்டு. கீழே ஸ்கெட்ச் பேனாவில் 'இன்டர்நேஷனல் ஜர்னல் டவுன்லோடு, பக்கத்துக்கு 2 ரூபாய்'. கடைக்காரர் என்னைத் தெரியாமல், "என்ன சப்ஜெக்ட் சார் வேணும்?" என்றார். அன்றைக்கு நான் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அந்த மூன்று மாதத்தில் பயன்பாட்டுக் கணக்கு அதுவரை வராத உயரத்துக்குப் போயிருந்தது. அதைக் காட்டித்தான் அடுத்த வருஷம் அந்தச் சந்தாவுக்கு நிதி வாங்கினேன். ஜெராக்ஸ்காரர் பங்கு அதில் எத்தனை பக்கம் என்று எந்தக் குழுவும் கேட்கவில்லை.

2018, பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு. சொந்த ஊரில் நெட் வராது என்று ஒரு மாணவன், விடுமுறையில் படிக்க ஒரு இதழின் பத்து வருஷத் தொகுதியை ஏதோ ஒரு டவுன்லோடு கருவி வைத்து ராத்திரியோடு ராத்திரியாக இறக்கப் பார்த்தான், நம் ப்ராக்ஸி வழியாக. ப்ராக்ஸியில் வருகிற எல்லோரும் வெளியே ஒரே எண்ணாகத்தான் தெரிவார்கள். காலையில் முழுப் பல்கலைக்கழகத்துக்கும் கதவு சாத்தப்பட்டிருந்தது. 'தொடர்ச்சியான மொத்த டவுன்லோடு, ஒப்பந்த மீறல்' என்று கடிதம். அவனைக் கண்டுபிடித்து, பேசி, 'சம்பந்தப்பட்டவருக்கு அறிவுறுத்தப்பட்டது' என்று பதில் எழுதி, திறந்துவிட ஆறு நாள். பையன் அழுதுவிட்டான். பத்து வருஷத் தொகுதியையும் பொங்கலுக்கு ஊரில் உட்கார்ந்து எவன் படிப்பான் என்பது வேறு கேள்வி.

ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற அமெரிக்க இளைஞரும் இதைத்தான் செய்தார், பெரிய அளவில். எம்ஐடி பல்கலைக்கழக நெட்வொர்க்கை ஹேக் செய்து ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்க் களஞ்சியத்திலிருந்து கட்டுரைகளை அள்ளினார், ஜேஸ்டோர் எம்ஐடி முழுவதையும் சில நாள் அடைத்துவிட்டது. ஆறு நாளில் தப்பித்தோம் என்று நினைத்துக்கொள்வேன்.

10 பிப்ரவரி

ஹேக் என்று எழுதியது தவறு, சண்டைக்கு வந்தவர்கள் சொல்வது நியாயம். எம்ஐடி வளாகத்துக்கு வருகிற விருந்தினருக்கும் அந்த நெட்வொர்க் திறந்துதான் இருந்தது. ஜேஸ்டோரும் அதற்குள் திறந்தது. யாருடைய பாஸ்வேர்டையும் அவர் உடைக்கவில்லை. அவர் செய்தது அளவு மீறியது: 2010 செப்டம்பர் முதல் ஏறக்குறைய 48 லட்சம் கட்டுரைகள், கேபிள் அறைக்குள் ஒளித்து வைத்த லேப்டாப். அடைக்க அடைக்க எண்ணை மாற்றிக்கொண்டு வந்தார். 2011 ஜனவரியில் கைது. வழக்கு முடியும் முன்பே, 2013 ஜனவரி 11 அன்று தற்கொலை செய்துகொண்டார், வயது 26.

என் மாணவன் அழுதுகொண்டு நின்ற அன்று இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அவனைக் கால் மணி நேரம் திட்டினேன்.

14 பிப்ரவரி

"சை-ஹப் இருக்கும்போது இந்தப் புராணம் எதற்கு?" என்கிறவருக்கு: தெரியும் ஐயா, சந்தாக் கட்டுரைகளைக் காசில்லாமல் எடுத்துக் கொடுக்கிற தளம். கஜகஸ்தானில் பிறந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் 2011-இல் தொடங்கியது. 2020 டிசம்பரில் மூன்று பதிப்பகங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டதும் தெரியும். எங்கள் ஹாலில் ஆறாம் எண் கம்ப்யூட்டரின் பிரௌசர் வரலாற்றில் அதுதான் முதலில் நிற்கிறது, நம் சந்தாவில் இருக்கிற இதழ்களுக்கும்கூட.

அதுதான் எனக்கு உறுத்தியது. 2016-இல் 'சயன்ஸ்' இதழ் சை-ஹப்பின் ஆறு மாதப் பதிவுகளை வாங்கி ஆராய்ந்தது, 2.8 கோடி டவுன்லோடு. ஏழை நாடுகளிலிருந்து மட்டும் இல்லை, பெரிய பல்கலைக்கழகங்கள் இருக்கிற அமெரிக்க ஊர்களிலிருந்தும் நிறைய. அங்கே சந்தா இல்லாமல் இல்லை. நம் கதவில் நாலு சொடுக்கு, ஒரு நிறுவனப் பட்டியல், ஒரு பாஸ்வேர்டு. அந்தப் பக்கம் ஒரு பெட்டி. காசு கட்டிய கடையில் கியூவில் நிற்கப் பொறுமை இல்லாமல் சுவரேறிக் குதிக்கிறார்கள் என்று திட்டுவேன். கியூவை அமைத்தது யார் என்று போன மாதம் வரை யோசித்ததில்லை.

15 பிப்ரவரி

நூலகவியலின் ஐந்து விதிகளை எப்போது இழுப்பீர்கள் என்று ஒருவர் கிண்டல். இழுக்கவில்லை. அவற்றை எழுதிய ரங்கநாதன் சீர்காழிக்காரர், அலமாரியை வாசகனுக்குத் திறந்துவிட்டவர், அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

22 பிப்ரவரி

ப்ராக்ஸி பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன். தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு.

எங்கள் ப்ராக்ஸி எல்லாவற்றையும் எழுதி வைத்தது. எந்த ஐடி, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தக் கட்டுரை, ஒரு சொடுக்குக்கு ஒரு வரி. பொங்கல் மாணவனைக் கண்டுபிடித்தது அந்த வரிகளால்தான். கண்டுபிடித்த செய்தி வளாகம் முழுக்கப் பரவியது. அடுத்த மாதம் ஒரு பேராசிரியர் என் அறைக்கு வந்தார், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். "என் ஸ்காலர் எதையாவது படிக்கிறாளா இல்லையா, உங்ககிட்ட லிஸ்ட் இருக்காமே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க." டீ வரவழைத்தேன். பதிவைத் திறந்தேன். மூன்று மாதத்தில் பதினான்கு கட்டுரை என்று சொன்னேன். "பதினாலா?" என்று அவர் எழுந்து போனார்.

அந்தப் பெண் அடுத்த வாரம் நோ டியூஸ் படிவத்தோடு வந்தார், கைடு மாற்றிக்கொண்டு வேறு இடத்துக்குப் போகிறார். காரணம் பதினான்குதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே ஒத்துப்போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் கையெழுத்துப் போடும்போது ஒன்று கேட்டேன், ஜர்னல் எல்லாம் சரியாகத் திறந்ததா என்று. "பாதி நேரம் உங்க சர்வர் ஸ்லோ சார், நான் பெரும்பாலும் ஃப்ரெண்டு ஐடியிலதான் அவங்க யுனிவர்சிட்டி வழியா எடுப்பேன்" என்றார்.

அதற்குப் பிறகு பதிவை 90 நாளில் அழித்துவிடும்படி செய்தேன். யார் கேட்டாலும் துறைவாரி எண்ணிக்கைதான், ஆள்வாரி கிடையாது. இதைச் சர்க்குலராகப் போடச் சொன்னேன், 'தேவையற்றது' என்று ஃபைல் திரும்பி வந்தது. ஆகவே இது என் மேஜை விதி மட்டும்தான். நான் ரிட்டையர் ஆன மறுநாள் என்ன ஆகும் என்று தெரியாது.

23 பிப்ரவரி

பேராசிரியர் தப்பா நான் தப்பா என்று பெரிய வாக்குவாதம் நடந்திருக்கிறது. டீ வாங்கிக் கொடுத்தது நான். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

8 மார்ச்

இந்த வாரம் ஒரு சுயநிதிக் கல்லூரி ஆசிரியர் வந்தார், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அவர் கல்லூரி ஒரே சந்தாப் பட்டியலில் இல்லை, அது அரசு நிறுவனங்களுக்கு மட்டும். மூன்று கட்டுரை வேண்டும் என்றார், துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தார். கவுன்ட்டரில் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்கள்: "வெளியாட்களுக்கு பப்ளிஷர் அனுமதி இல்லை சார்."

இருபது வருஷமாக இதே வாசகம். எழுதிக் கொடுத்ததே நான். ஆனால் இந்த இழையை எழுத ஆரம்பித்ததிலிருந்து ஒரு குடைச்சல், அதனால் அலமாரியிலிருந்து பழைய ஒப்பந்தங்களை எடுத்தேன். நான்கு இருந்தன. மூன்றில், 'அனுமதி பெற்ற பயனர்' என்பதற்கு விளக்கம் தருகிற பக்கத்தில், மாணவர், ஆசிரியர், பணியாளர், அடுத்து நூலகத்துக்கு நேரில் வந்து அங்கேயே உட்கார்ந்து படிக்கிற பொதுமக்கள். கடைசிப் பக்கத்தில் என் சாட்சிக் கையெழுத்து.

சரி, உட்காரவைக்கலாம் என்றால் நம் கம்ப்யூட்டரில் நுழையவே பதிவெண் வேண்டும். 2014-இல் மாணவர்கள் சினிமா இறக்குகிறார்கள் என்று நாங்களே போட்டது. ஆறாம் எண்ணில் என் ஐடியைப் போட்டு உட்காரவைத்தேன் (ஐடியைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பதும் நானே). மூன்றும் திறந்தன. நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று நோட்டில் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். பிரின்ட் எடுக்கலாமா என்று கேட்கக்கூட இல்லை.

இப்போது கவுன்ட்டரில் கெஸ்ட் ஐடி ஒன்று இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து போட்டால் போதும்.

9 மார்ச்

அப்புறம், முதல் நாள் அந்தத் தம்பி கேட்டதையும் மறுபடி படித்தேன். "உள்ளே போகிற மாதிரி போய், மறுபடி அதே லாகின் பக்கத்தில் வந்து நிற்கிறது." ஐபி பிரச்சினை இப்படி வராது. ஐபி பற்றி ஒரு மாதம் பாடம் நடத்தியிருக்கிறேன், அந்த இரண்டாவது வரியை யாருமே, முக்கியமாக நான், கவனிக்கவில்லை. தம்பி, நாளைக்கு லேப்டாப்போடு என் அறைக்கு வாருங்கள்.

10 மார்ச்

வந்தார், கையில் மண்ணோடு. பட்டியலைத் திறந்து அவர் பெயரைத் தேடினேன். கடைசிக் கட்டத்தில் 31-12-2024. பிஎச்டி மூன்று வருஷம் என்று நானே முடிவு செய்து, 2021-இல் சேர்ந்த எல்லோருக்கும் மே மாத வெயிலில் மேலிருந்து கீழே இழுத்துவிட்ட தேதி. உலகத்தில் எந்த பிஎச்டி மூன்று வருஷத்தில் முடிந்தது? அவர் கணக்கு ஜனவரி 1 அன்று, நாடு முழுக்கக் கதவு திறந்த அதே நாளில், செத்துப் போயிருக்கிறது. என் திரையில் 'காலாவதி' என்று காட்டுகிறது. அவர் திரையில் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வருகிறது.

"அப்போ பூட்டினது நீங்கதானா சார்?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார்.

2027 என்று மாற்றினேன். இரவு 11.40-க்கு வாட்ஸாப்பில் ஹாஸ்டல் கட்டிலில் லேப்டாப் படம், திரையில் மண்புழு. கீழே: "திறந்துடுச்சு சார். எங்க ப்ளாக்ல இன்னும் சில பேருக்கு இதே மாதிரி இருக்கு. காலைல கூட்டிட்டு வரட்டுமா?"

11 மார்ச்

பதினொரு பேர்.